அச்சடிக்காமல் விட்ட சீட்டு

ராவாங் பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசையில் இருந்த அச்சகத்தில் தனேஸ்வரி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கணினியை அல்ல, எதை எங்கே வைக்கக் கூடாது என்பதைத்தான். கல்யாணப் பத்திரிகைகள் சாமி படத்துக்குக் கீழே உள்ள தட்டில் இருக்க வேண்டும். கண்ணீர் அஞ்சலி, பதினாறாம் நாள் காரியம், ஆண்டு நினைவு எல்லாம் பின்கதவு ஓரத்துத் தட்டுக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே மேசையில் பரப்பினால் முதலாளி இராமையாவின் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். தாள் மிச்சமாகட்டும் என்று இரண்டு வேலைகளை ஒரே தாளில் சேர்த்து அடிப்பது எல்லா அச்சகத்திலும் நடப்பதுதான். ஆனால் இந்தக் கடையில் நல்ல காரியமும் கெட்ட காரியமும் ஒரே தாளில் ஏறாது. வெளியூர்க்காரர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். பெண்ணின் கல்யாணப் பத்திரிகை ஓரத்தில் யாரோ ஒருவரின் மரணச் செய்தி ஒட்டிக்கொண்டு வந்தால், அதை வாங்கிப் பார்க்கும் சம்பந்தி வீட்டுக்கு அவர்களே போய்ப் பதில் சொல்லிவிட்டு வரட்டும்.

ஆரம்பத்தில் தனேஸ்வரி இதற்கெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வருடங்கள் ஓட ஓட, இராமையா சொல்லாமலேயே அவள் கை தானாகத் தாள்களைப் பிரித்து வைத்தது.

அவள் பெஸ்தாரி ஜெயா ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செல்லையாவின் இளைய மகளாகப் பிறந்தவள். தாய் நல்லம்மாள் சீக்கிரமே போய்விட, எட்டு வயது மூத்த அக்கா புஷ்பாதான் அவளுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றிவிட்டாள். செல்லையா எண்ணெய்ப்பனையான செம்பனையில் குலை வெட்டுபவர். நீளக் கம்பில் கட்டிய அரிவாளோடு நாளெல்லாம் அண்ணாந்து நின்று, வலது தோள் இறங்கி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே போனவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அதற்கு மறுபேச்சு அந்த வீட்டில் கிடையாது. புஷ்பா யாருக்கும் அடங்காத பெண். தோட்டத்து வேலையை மேய்க்கும் மண்டோரையே வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள். அவளும் அப்பா ஒரு வார்த்தை சொன்னால் எழுந்து நடந்துவிடுவாள். தோட்டம் கைமாறி, குடியிருந்த லயத்தை இடித்து, எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் சிதறிய அடுத்த வருடமே செல்லையா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு புஷ்பாவை அதட்ட இந்த உலகத்தில் ஆள் இல்லை.

தனேஸ்வரிக்குக் கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அவனைப் பற்றி இங்கே எழுத இடமில்லை, எழுதுகிற அளவுக்கு அவனிடம் ஒன்றும் இல்லை. அவன் போன பிறகு ராவாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தாள். அந்த நாட்களில்தான் ஒரு பேரங்காடியில் குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு ஒன்றை வாங்கி வந்தாள். முதலில் படங்களுக்காகத்தான் வாங்கினாள். பிறகு கைப்பேசியில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சீட்டும் என்ன சொல்கிறது என்று கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். மகனுக்கு வேலை கிடைக்குமா, மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவன் அவளை வைத்துக் காப்பாற்றுவானா என்று கேட்டார்கள். பாவம், இதையெல்லாம் கேட்க அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் கட்டில் ஒரு தொல்லை இருந்தது. குதிரை மேல் எலும்புக்கூடு வரும் சீட்டு. மரணம் என்று பெயர். அது வந்தால் சாவு என்று அர்த்தமில்லை, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் என்றுதான் அர்த்தம் என்று எல்லா வீடியோக்களிலும் அடித்துச் சொன்னார்கள். அதைக் கீழ்மாடி குமுதாவுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? அவளுக்கு அந்தச் சீட்டு வந்த அன்றைக்கு, தனேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் எழுந்தவள், கேட்காமலேயே குளியலறைக்குள் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு படியிறங்கிப் போனாள்.

"வெளக்கு ஏத்துற வீட்டுல எலும்புக்கூட்ட வச்சிருக்கியே, நீயெல்லாம் பொம்பளையா?" என்று படியில் நின்று கத்தினாள்.

அந்த வாரமே குமுதாவின் மாமியார் இறந்தார். படுக்கையில் கிடந்து கிடந்து, எப்போது போவார் என்று வீடே காத்திருந்த கிழவி. ஆனாலும் பழி தனேஸ்வரியின் தலையில் விழுந்தது. பெண்கள் வருவது நின்றுபோனது. அவள் அந்தக் கட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

சொந்தமாக ஒரு கட்டு செய்யும் யோசனை அப்போது வந்ததுதான். தேரும் கோபுரமும் மகாராணியும் இந்தச் சனங்களுக்கு எதற்கு? அவர்கள் பார்த்த உலகத்தை வரைந்தால் என்ன? எண் போட்ட சின்னச் சீட்டுகளை விட்டுவிட்டு, பெயரும் படமும் உள்ள பெரிய சீட்டுகள் மட்டும் போதும் என்று முடிவு செய்தாள். கடை மூடிய பிறகு கொஞ்சம், மதியச் சோற்று நேரத்தில் கொஞ்சம் என்று கணினியில் வரையத் தொடங்கினாள். தேருக்குப் பதில் குலை ஏற்றிய லோரி. விளக்கோடு நிற்கும் துறவிக்குப் பதில் டார்ச் லைட்டோடு நிற்கும் காவல்கார ஜாகா. நீதிதேவதைக்குப் பதில் தராசில் ரப்பர் பால் நிறுக்கும் மண்டோர். அதை வரையும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது, எந்த மண்டோரின் தராசு நேராக நின்றது? இடி விழுந்த கோபுரத்துக்குத் தோட்டத்துத் தண்ணீர் டாங்கி. பிசாசுக்குக் கள்ளுக்கடை. மகாராணிக்கு லயத்து வாசலில் நிற்கும் புள்ளத்தாச்சி. நட்சத்திரத்துக்குக் கோல சிலாங்கூர் ஆற்றோரத்து மரம், கிளை கிளையாக மின்மினி. அந்த ஒரு படத்தை அவள் மாதக்கணக்கில் வரைந்தாள். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மரணத்தையும் வரைந்தாள். செம்பனை மரத்தடியில் ஓர் ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு, நீள அரிவாளை உயர்த்தி நிற்கிறான். காலடியில் பழுத்த குலையும் பழுக்காத குலையும் கலந்து கிடக்கின்றன. முகம் தெரியாது. அவ்வளவுதான் படம்.

தடித்த ஆர்ட் கார்டில் அடித்து, லேமினேஷன் போட்டு, மூலைகளை வளைவாக வெட்டலாம் என்று எல்லாப் படங்களையும் ஒரே தாளில் அடுக்கி வைத்திருந்தபோது இராமையா திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, டாங்கி ஒடையுது?"

"அது கெட்ட சீட்டுங்கய்யா."

"ஒடைஞ்சா தண்ணி வரும்லா, நல்லதுதான். இது கள்ளுக்கடையா? அங்க போறவன் சந்தோஷமாத்தான போறான்?" சிரித்துக்கொண்டே வந்தவர் விரல் அரிவாள்காரனிடம் வந்து நின்றது. "இது?"

"சாவு."

இராமையா சிரிப்பை நிறுத்தினார். "இத்தனை வருஷமா இங்க வேலை செய்யிற, உனக்குத் தெரியாதா? லோரி, மரம், புள்ளத்தாச்சி எல்லாம் இருக்குற தாள்ல இத ஏத்துறியே. தனியா அடிச்சிக்க. பின்னால இருக்குற தாள்ல அடி."

அவர் சொல்லியிருக்காவிட்டாலும் அவள் எடுத்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. தாளை அடுக்கும்போதே அந்தப் படம் அவள் கையை உறுத்திக்கொண்டிருந்தது. அதை மட்டும் நீக்கிவிட்டு மற்றதையெல்லாம் அடித்தாள். அதைப் பிறகு தனியாக அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு என்று தள்ளிப்போட்ட வேலைக்கு நேரம் வந்ததாக எங்கே கேள்விப்பட்டிருக்கிறோம்? அடுத்த வாரம் ஆடி மாதத்துக் கோயில் பதாகைகள் வந்தன, அதற்கடுத்துப் பொதுத் தேர்வுக்கான மாதிரி வினாத்தாள்கள் வந்தன. படம் கணினியிலேயே கிடந்தது.

அதற்குள் புதுக்கட்டு பிரபலமாகிவிட்டது. லோரியையும் ஜாகாவையும் பார்த்த பெண்கள் குழந்தைகள் மாதிரி சிரித்தார்கள். "எங்க தாத்தா மாதிரியே இருக்காரு லா" என்றார்கள். யாருக்கும் கெட்டது வரவில்லை. குமுதாகூடத் திரும்பி வந்தாள். தனேஸ்வரி கைராசிக்காரி என்ற பேச்சு பத்தாங் காலி ஊர் வரைக்கும் போனது. கட்டில் ஒரு சீட்டு குறைகிறது என்பது அவளுக்கும் இராமையாவுக்கும் மட்டுமே தெரியும். இராமையா அதை அன்றைக்கே மறந்துவிட்டார். எல்லாரும் சந்தோஷமாக எழுந்து போகிறார்களே, அது போதாதா என்று அவளும் இருந்துவிட்டாள்.

ஈஜோக்கில் இருந்த புஷ்பா மட்டும் தங்கையின் சீட்டைத் திரும்பிப் பார்த்தது கிடையாது. பழைய கட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்து, எலும்புக்கூட்டைத் தூக்கிப் பிடித்து, "இவன் பல்லு வெளக்க எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டவள். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமையல் வேலை. கணவன் விட்டுப் போன பிறகு ஒரே மகள் மாதவியை ஒற்றை ஆளாக வளர்த்தவள். அவளுக்குச் சீட்டும் வேண்டாம், ஜோசியரும் வேண்டாம்.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிறு மதியம், சொல்லாமல் கொள்ளாமல் ராவாங் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை. இடது மார்பில் கட்டி ஒன்று இருக்கிறதாம். கிளினிக்கில் காட்டினாளாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சதையை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம்.

தனேஸ்வரி அக்காவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "நாளைக்கே போவோங்க்கா. நான் லீவு போடுறேன்."

"போவ மாட்டேன். கத்தி வச்சா பரவிரும்ங்கிறாங்க. எங்க கேண்டீன்ல ஒருத்தி, நல்லாத்தான் இருந்தா, வெட்டுன பெறகுதான் போய்ட்டா."

"அவ லேட்டாப் போயிருப்பாக்கா."

"எனக்குப் பயமா இருக்கு, தனா."

புஷ்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அழாமல் நின்று பந்தல்காரனோடு சண்டை போட்டவள், இப்போது சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் சீட்ட எடு," என்றாள். "அந்தச் சாவுச் சீட்டு வந்துச்சின்னா நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறேன். மாதவி மேல சத்தியம். வரலன்னா என்ன விட்டுரணும். அப்புறம் அதப் பத்திப் பேசக் கூடாது."

அந்த நொடியில் தனேஸ்வரி சொல்லியிருக்க வேண்டும். அக்கா, இந்தக் கட்டில் அந்தச் சீட்டே கிடையாது என்று ஒரே ஒரு வரி. நாக்கின் நுனிவரைக்கும் வந்தது. வந்ததை ஏன் விழுங்கினாள் என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் ஒழுங்காகப் பதில் வராது. சீட்டு எடுத்தால் அக்காவின் மனம் கொஞ்சம் அடங்கும், அடங்கின பிறகு மெல்லப் பேசிக் கூட்டிப்போகலாம் என்று நினைத்தது உண்மை. எல்லாரும் மெச்சும் தன் கட்டு முழுசானதல்ல என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டதும் உண்மை. அதைவிட அசிங்கமான உண்மை ஒன்று உண்டு. இத்தனை வருடம் அவளை ஏளனம் செய்த அக்கா முதல் முறையாக அவள் எதிரில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் கட்டைக் கலைத்தாள். புஷ்பா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினாள்.

மின்மினி மரம்.

"இது என்னாடி?"

"நட்சத்திரம்க்கா. நம்பிக்கை." வேறென்ன சொல்ல முடியும்? அதன் அர்த்தம் அதுதான்.

புஷ்பா அந்தச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். போகும்போது தங்கையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள், சின்ன வயதில் பேருந்தில் ஏற்றிவிடும்போது செய்வது மாதிரி.

மெல்லப் பேசிக் கூட்டிப்போகும் திட்டம் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. தனேஸ்வரி தொலைபேசியில் கெஞ்சினாள், ஈஜோக்குக்கே போய்க் கத்தினாள். மாதவியும் தன் பங்குக்கு அழுதாள். எல்லாருக்கும் புஷ்பாவிடம் ஒரே பதில் இருந்தது. "இவதான பாத்துச் சொன்னா? வரலன்னா பேசக் கூடாதுன்னு பேச்சு." யாரோ கொடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டாள். கட்டி சின்னதாகிவிட்டது என்று ஒருமுறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் தனேஸ்வரி உண்மையைச் சொல்ல வாயெடுப்பாள். இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் அக்கா என்ன நினைப்பாள் என்று வாயை மூடிக்கொள்வாள். தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் சொல்வதை இன்னும் கடினமாக்கியது. அதற்குள் தீபாவளி வந்து போனது.

தை மாதத்தில் கட்டி உடைந்தது. சிற்றுண்டிச் சாலையில் மயங்கி விழுந்தவளை ஆசிரியர்கள் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பெண்தான். தனேஸ்வரியை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "ஏன் ஆன்ட்டி, அப்பவே வந்திருக்கலாமே?" என்று கேட்டாள். திட்டுகிற குரலில் கேட்டிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். அந்தப் பெண் உண்மையாகவே புரியாமல் கேட்டாள்.

வலிக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் தனேஸ்வரி அச்சகத்தில் கணினியைத் திறந்து அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்தாள். பின்கதவு ஓரத்துத் தாளில் அதை மட்டும் தனியாக அடித்தாள். இராமையா பார்த்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். லேமினேஷன் போட்டு, மூலைகளை வளைத்து, கட்டுக்குள் செருகினாள். எதற்குச் செய்தாள்? கட்டு முழுசானால் செய்தது சரியாகிவிடும் என்று நினைக்கும் அளவுக்கு அவள் முட்டாள் அல்ல. இந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டால்தான் அக்காவிடம் வாய் திறக்க முடியும் என்று பட்டது.

ஈஜோக் வீட்டில் புஷ்பா கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். பாதி உடம்பாகிவிட்டாள். தங்கையின் பையில் கட்டைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"குடு, படம் பாக்குறேன். ஒரு நாளும் ஒழுங்காப் பாத்ததில்ல."

"அக்கா, அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும்."

"பொறு லா. பாத்துட்டுக் கேக்குறேன்."

தலையணையில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தாள். மண்டோரைப் பார்த்து, "தராசத் தூக்கிப் புடிச்சிருக்கான் பாரு, திருடன்" என்றாள். டாங்கியைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்தது. மின்மினி மரம் வந்தபோது அதை நெஞ்சின் மேல் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். தனேஸ்வரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அரிவாள்காரன் வந்ததும் புஷ்பாவின் கை நின்றது. மற்ற சீட்டுகளெல்லாம் பல பேர் கைபட்டு ஓரம் நைந்து வளைந்திருந்தன. இது மட்டும் விறைப்பாக, கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு இருந்தது. கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தடவினாள். காலமெல்லாம் அரிசியையும் பருப்பையும் விரலால் தொட்டே தரம் சொன்னவள் அவள்.

"இது புதுசா?"

தனேஸ்வரி தலையாட்டினாள்.

"இதுதான் அந்தச் சாவுச் சீட்டா?"

"ஆமாக்கா."

"அப்ப அன்னிக்கு இது கட்டுல இல்ல."

தனேஸ்வரி எத்தனையோ மாதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "நல்ல படத்தோட சேத்து இத அடிக்கக் கூடாதுன்னு எடுத்து வச்சேங்க்கா," என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவள் காதுக்கே கேட்டது.

புஷ்பா கோபப்படவில்லை. அவள் தங்கையைப் பார்க்கவே இல்லை. சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முதுகு காட்டி நிற்கும் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிய வலது தோளை, ஒரு பக்கம் சாய்ந்த கழுத்தை நகத்தால் தொட்டாள்.

"அப்பாவ வரஞ்சிருக்க," என்றாள்.

தனேஸ்வரி எழுந்து குனிந்து பார்த்தாள். அவள் அப்பாவை வரையவில்லை. குலை வெட்டும் ஓர் ஆளைத்தான் வரைந்தாள். குலை வெட்டுகிற ஆள் என்றால் அவள் கைக்கு வேறு யாரைத் தெரியும்?

"அன்னிக்கு அப்பா வந்திருந்தா நான் போயிருப்பேன்டி," என்றாள் புஷ்பா. "அவரு சொல்லி நான் எத மாட்டேன்னேன்?"

பிறகு நெஞ்சின் மேல் இருந்த மின்மினி மரத்தை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள். தனேஸ்வரி அதை வாங்கிக்கொண்டாள். புஷ்பா அரிவாள்காரன் சீட்டை மார்போடு வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.